பதினெட்டு மணி நேரம்

விமானி உரிமம் வாங்க மெர்லின் இருநூறு மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பதிலேயே கட்டணம் குறைந்த பள்ளியைத் தேர்ந்தெடுத்திருந்தாள். பணம் அனுப்புவதற்கு முன், அங்கே படிக்கும் கரூர்க்காரன் அருள்செல்வனுக்கு ஃபோன் செய்தாள்.

“விமானமெல்லாம் எப்படிண்ணா இருக்கு?”

“பணம் கட்டிட்டீங்களா?” என்று கேட்டான்.

“இன்னும் இல்லண்ணா.”

“அப்ப கட்டாதீங்க.” குரலைத் தாழ்த்திக்கொண்டான். “போன வாரம் மேல பறந்துட்டிருக்கும்போதே இன்ஜின் நின்னுபோச்சுங்க. எப்படியோ ரன்வேக்குக் கொண்டுவந்து இறக்கிட்டேன். வெளிய சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. இன்னிக்கும் அதே விமானத்தைத்தான் குடுத்திருக்காங்க.”

மெர்லின் பதறிப்போனாள். “ஏறாதீங்கண்ணா. ஊருக்கு வந்திருங்க.”

“இன்னும் பதினெட்டு மணி நேரந்தாங்க பாக்கி. இப்ப விட்டா மறுபடி முதல்லருந்து எங்க போறது?” யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. “வரச் சொல்றாங்க. வச்சிடறேங்க.”

தான் தப்பித்துவிட்டோம் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அந்த நிம்மதியை நினைத்ததும் வெட்கமாக இருந்தது. உடனே அவனைக் கூப்பிட்டாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. அவள் மறுபடியும் கூப்பிட்டாள்.