ஏஐயைக் கேட்டுப் பாருங்க சார்

"என் ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் எல்லாத்தையும் திருப்பிக் கொடுங்க சார்."

அறையில் கீபோர்டு சத்தம் நின்றது. அங்கே யாரும் கேட்கக் கூடாத ஒன்றை சிவப்ரியா கேட்டுவிட்டாள். சேர்ந்த அன்றைக்கே, கூட வேலை பார்க்கும் அஸ்ஃபாக் சொல்லியிருந்தான்: "லீவு கேளு, இன்க்ரிமென்ட்கூட கேளு. ஒரிஜினலை மட்டும் கேட்டுறாத." சொந்த ஊரான நெடுங்காட்டில் அவள் அப்பாவும் அதையேதான் சொன்னார்: "மொதலாளிகிட்ட அத மட்டும் கேக்காதம்மா, கோச்சுக்குவாரு."

சோமசேகரன் கண்ணாடியைக் கழற்றினார். துபாய், ஷார்ஜா மளிகைக் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்து கொடுக்கும் கம்பெனி அவருடையது. காரைக்காலில், ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடி. வேலைக்குச் சேருகிறவர்களின் டிகிரி, மார்க் ஷீட் எல்லாம் அவர் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் இரும்பு பீரோவுக்குள் போய்விடும்.

"எதுக்கு இப்ப?"

"வேற வேலை கெடச்சிருக்கு சார். திங்கக்கெழம சேரணும். ஒரிஜினலைக் காட்டினாத்தான் சேத்துக்குவாங்க."

"மூணு வருஷம் பாண்ட் போட்டிருக்க. இன்னும் பத்து மாசம் பாக்கி இருக்கு."

"நான் ஒண்ணும் நகையை அடகு வைக்கல சார். வேலைக்குத்தான் வந்தேன்."

மானிட்டருக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். சோமசேகரன் ஃபோனை எடுத்தார். தினம் காலையில் டெக்னாலஜி செய்தி வாசித்துக் காட்டி எல்லோரையும் பயமுறுத்துவது அவர் வழக்கம்.

"வேற வேலையா? இன்னிக்கு நியூஸ் பாத்தியா? அமெரிக்காவுல ஒரு கம்பெனிக்காரன் ஒரே நாள்ல பத்தாயிரம் பேரை மெயில் அனுப்பியே தூக்கிட்டான்."

"மெயிலாவது அனுப்புறான்," என்றான் அஸ்ஃபாக் தலையைத் தூக்காமல். "நமக்கு பே ஸ்லிப்பே வர்றதில்ல."

"இன்னும் ஆறு மாசத்துல கோட் எழுத மனுஷனே தேவைப்படாதாம்!"

"போன வருஷமும் ஆறு மாசம்னுதான் சார் சொன்னாங்க," என்றான் பக்கத்து சீட்டு சிவராமன். "கோட் எழுதட்டும். 'நான் கேட்டது இது இல்ல'ன்னு ஷார்ஜாக்காரர் கத்தும்போது வாங்கிக் கட்டிக்கவும் அதுவே வந்துச்சுன்னா சந்தோஷம்."

"நக்கலா?" சோமசேகரன் தன் மானிட்டரைத் திருப்பிக் காட்டினார். "போன மாசம் சென்னைக் கம்பெனிகிட்ட வாங்கினேனே, இந்த ஏஐ வந்தன்னைக்கே ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்பினேன். மூணே நாள்ல நம்ம சாஃப்ட்வேர் மொத்தமும் அதுக்கு அத்துப்படி! நாலு வருஷம் கூடவே இருந்து எழுதின மாதிரி எங்க தப்புன்னு கரெக்டா சொல்லுது. இந்த லட்சணத்துல உனக்கு எவன் வேலை தர்றான்? உங்க வீட்டுல உனக்கு முன்னாடி யாராவது காலேஜ் வாசலை மிதிச்சிருக்காங்களா?"

சிவப்ரியா பீரோவைக் கை காட்டினாள்.

"இல்ல சார். எங்க வீட்டுல இருக்கறதே ஒரே ஒரு டிகிரி. அதுவும் உங்க பீரோவுல இருக்கு."

சோமசேகரன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"கொடுக்க முடியாதும்மா. போயி சீட்டுல உக்காரு."

"நான் சொன்னாக் கேக்க மாட்டீங்க. உங்க ஏஐயைக் கேட்டுப் பாருங்க சார். கொடுக்க வேணாம்னு அது சொன்னா நான் வாயைத் திறக்காம போயி உக்காந்துக்கறேன்."

சோமசேகரனுக்கு அது பிடித்திருந்தது. சத்தமாகச் சொல்லிக்கொண்டே அடித்தார். "பாண்ட் முடியாத ஸ்டாஃப்... ஒரிஜினல் கேக்குது... கொடுக்கலாமா, வேணாமா?"

ஒரு நிமிடம் ஆனது. இரண்டு நிமிடம் ஆனது.

"பாரு, யோசிக்குது! உங்கள மாதிரி டீக்குப் போவாது."

பதில் வந்தது. அவர் உரக்க வாசிக்க ஆரம்பித்து, போகப் போகக் குரலைத் தாழ்த்தினார்.

"ஊழியரின் அசல் சான்றிதழைப் பிடித்து வைப்பது தவறு. புகார் போனால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். இன்றே கொடுத்துவிடுங்கள். தேவையில்லாத டென்ஷன் உங்கள் சுகருக்கும் ஆகாது."

சோமசேகரன் வாயைப் பிளந்தார். "எனக்கு சுகர் இருக்கறதைக்கூடக் கண்டுபிடிச்சிடுச்சுய்யா! நான் ஒரு வார்த்தை சொல்லலியே! இதுதான்யா ஏஐ!"

புகார் என்ற வார்த்தை பயமுறுத்தியதா, சுகரா, தெரியவில்லை. எழுந்து பீரோவைத் திறந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து மேஜையில் போட்டார்.

சிவப்ரியா அவர் முன்னாலேயே உறையைப் பிரித்து எட்டு செமஸ்டர் மார்க் ஷீட்டையும் டிகிரியையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். பிறகு, காலையிலேயே எழுதி வைத்திருந்த ராஜினாமாக் கடிதத்தை உறை இருந்த இடத்தில் வைத்தாள்.

"போ, போ! ஏஐ இருக்கற காலத்துல வெளியில எவன் வேலை தர்றான்னு நானும் பாக்குறேன்!"

அவள் திரும்பிப் பார்க்காமல் படி இறங்கினாள். பாதிப் படியில் ஃபோன் அடித்தது.

"வாங்கிட்டியா புள்ள?" என்றாள் ஹஃபீஸா அக்கா. போன மாதம் சோமசேகரன் வேலையை விட்டு அனுப்பிய ஆள் அவள்தான்; இப்போது சம்பளம் அந்தச் சென்னைக் கம்பெனியில்.

"வாங்கிட்டேன்க்கா. கெளம்பிட்டேன்."

"சரி, வையி. 'நான் செஞ்சது சரிதானே'ன்னு நம்ம சார் கேட்டுட்டு உக்காந்திருக்காரு, மனுஷனுக்குப் பதில் அடிக்கணும். திங்கக்கெழமலேருந்து காலையில நான் ஏஐ, மத்தியானத்துக்கு மேல நீ."