சலாலா பேச்சு

மரியம் இரண்டாவது புத்தகத்தையும் திருப்பிக் கொண்டுவந்தபோது கலீலுல்லாவுக்குச் சலிப்பாக இருந்தது.

வண்ணாரப்பேட்டையில் இருபது வருஷமாகப் புத்தகக்கடை வைத்திருக்கிறார். வளைகுடாவுக்குக் கிளம்புகிறவர்கள் அரபி பேசக் கற்றுக்கொள்ள வருவார்கள். எடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். திருவொற்றியூரிலிருந்து பஸ் ஏறி வரும் இந்த அம்மா மட்டும்தான் இப்படி.

முதலில் கொடுத்தது ஏட்டு அரபி, அப்படி யாரும் பேசுவதில்லை என்றாள். அடுத்தது எகிப்துக்காரர்கள் பேச்சாம். அவளுக்கு ஓமானில், சலாலா பக்கம் வீட்டில் பேசுகிற பேச்சுதான் வேண்டுமாம்.

"அங்க வேலைக்குப் போறியாம்மா?"

"இல்ல பாய். எங்க வூட்டுக்காரரு அங்க போயி ஒருத்திய நிக்காஹ் பண்ணிக்கினாரு. எட்டு வருஷமாச்சு. அவகூட போன்ல பேசணும்."

கலீலுல்லாவுக்கு இப்போது விளங்கியது. இத்தனை மெனக்கெடல் சண்டை பிடிக்கத்தான். எட்டு வருஷம் கழித்து ஏசி என்ன ஆகப்போகிறது, படைத்தவனிடம் விட்டுவிடு என்று புத்தி சொன்னார். அவள் கடையை விட்டு நகரவில்லை.

மனசு கேட்காமல் பரண் மேலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தைத் தேடி எடுத்தார். ஓமானில் வேலை பார்த்த ஒருவர் எழுதியது. அரபிப் பேச்சைத் தமிழ் எழுத்திலேயே போட்டிருந்தது. அவரே ஒரு பக்கத்தைப் பிரித்தும் காட்டினார்.

"'நீ சொன்னது பொய்', 'என் பொருளைத் திருப்பிக் கொடு'... எல்லாம் இதுல கீது. நல்லா நறுக்குன்னு கேளு."

மரியம் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டு மற்றதைப் புரட்டினாள். விமான நிலையம், மார்க்கெட், டாக்டர். உதடு மட்டும் அசைந்தது. 'எப்போது வீட்டுக்குத் திரும்பி வருவீர்கள்?' என்ற வரியில் அவள் விரல் நின்றது. வெகுநேரம் அங்கேயே இருந்தது. பிறகு கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டு மூடி வைத்தாள்.

"இதுலயும் இல்ல பாய்."

"வேற இன்னாதான் வேணும் உனக்கு?" அவர் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது.

மரியம் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"அவரு மவுத்தாயி அஞ்சு மாசமாச்சு பாய். அடக்கம் பண்ணதும் அங்கயேதான். நான் மொகம்கூட பாக்கல. வெள்ளிக்கிழமையானா அவ போன் பண்றா. அவ பேசறதுல அவரு பேரு ஒண்ணுதான் எனக்குப் புரியுது. கடைசியா இன்னா சாப்ட்டாரு, இன்னா சொன்னாரு, எங்களை நெனச்சாரா... அவளுக்குத்தானே தெரியும்."

கலீலுல்லா முக்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"அதெல்லாம் மெதுவா கேட்டுக்கலாம். மொதல்ல, 'அழுவாத தங்கச்சி'ன்னு அவ பேச்சுல எப்டி சொல்றது பாய்?"