ஓரகத்தி கொண்டுவந்த ஏரி

முன்பெல்லாம் வெளிநாடு போனவர்கள் வீட்டுக்கு சாக்லேட் வாங்கி வருவார்களாம். என் மூத்த ஓரகத்தி சங்கமித்ரா, அங்கே கழித்த நாளையே ஒரு பட்டையில் பதிந்து கொண்டுவந்திருந்தாள்.

"லூசெர்ன்ல ரயில் ஏறினோம், சாயங்காலம் இன்டர்லாக்கன்ல இறங்கிட்டோம். வந்த வழியே திரும்பற வேலையே இல்ல. நெத்தியில கட்டிக்கோ மேகலா. நான் பாத்தது, நெனச்சது எல்லாம் உனக்கும் வரும்."

போகும்போது ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. மாமியார் எதிரில் மறுக்க முடியாமல் கட்டிக்கொண்டேன்.

ஜன்னலில் பனிமலை வந்தது. அதன் அடியில் பச்சை ஏரி விரிந்தது. கையில் சூடாகக் காபி வேறு. எனக்கு வயிறு எரிந்தது. அந்த நேரம் பார்த்து, பதிவில் அவளுக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது. ஏரியைப் பார்த்து அல்ல. 'இதைப் பார்த்தால் மேகலாவுக்கு வயிறு எரியும்' என்று நினைத்துக்கொண்டாள்.

பட்டை தன் வேலையைச் சரியாகச் செய்தது. அவளுடைய சந்தோஷம் அப்படியே எனக்குள்ளும் பொங்கியது. நான் வயிறெரிவதை நினைக்க நினைக்க எனக்கே இனித்தது.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டு, பட்டையைத் திரும்ப வாங்கக் கை நீட்டினாள் சங்கமித்ரா.

"இன்னொரு தடவை பாத்துட்டுத் தரேன்க்கா," என்றேன்.