பெலேமில் நான்கு நாள்

பிரேசிலில் எங்கெங்கே தங்குவது என்பதைப் பயணக்கருவியே முடிவு செய்தது. சுவரில் ஊரைக் காட்டும். கைப்பட்டையில் நாடி ஏறினால் நாளைக் கூட்டும், ஏறாவிட்டால் ஊரையே நீக்கிவிடும்.

இகுவாசு அருவிக்கு நிகிலனின் நாடி எண்பது. ஒரு நாள் கிடைத்தது. பெலேம் என்ற பெயர் வந்ததுமே, படம் வருமுன், நூற்றுப்பத்து. நான்கு நாள்!

"உங்க சாருலதா அங்கதான இருக்கா?" என்றாள் மனைவி இளவேனில்.

"காலேஜ்ல கூடப் படிச்சவ, அவ்வளவுதான். வேணும்னா அந்த ஊரை எடுத்துடலாம்."

"எதுக்கு? இருக்கட்டும்."

அவன் நாடி எழுபத்திரண்டுக்கு இறங்கும்வரை அவள் காபியை ஆற்றி ஆற்றிக் குடித்தாள். பிறகு கருவியிடம், "எங்க கல்யாண போட்டோவைக் காட்டு," என்றாள்.

மாலையும் கழுத்துமாக இருவரும் சுவரில் சிரித்தார்கள்.

எழுபத்திரண்டு.

"இந்த இடத்தை நீக்கிவிட்டேன்," என்றது கருவி.