நாலுக்கு அப்புறம்

நான்காவது மூச்சில் எண்ணிக்கை மறுபடியும் அறுந்தது.

ஒன்றிலிருந்து ஆரம்பித்தான்.

மாடிப்படியில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சுவரில் சாயாமல் உட்கார்ந்திருந்தான். இடைவேளை பதினைந்து நிமிடம். மூச்சைப் பத்து வரை எண்ண வேண்டும். நடுவில் தவறினால் வருத்தப்படாமல் ஒன்றுக்குத் திரும்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் புத்த விகாரையில் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். முதலில் கேட்டபோது இதெல்லாம் ஒரு வித்தையா என்று இருந்தது. ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து, எழுபத்துமூன்று நாட்களாக, அவனை சிகரெட் பக்கம் போகவிடாமல் பிடித்துவைத்திருந்தது அந்தப் பத்து மூச்சுதான். ஆசை வரும். எண்ணுவான். பத்துக்குள் அது அலுத்துப்போய் எழுந்து போய்விடும்.

இன்று போகவில்லை.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

அடுத்து ஐந்து வர வேண்டும். ஒன்று வந்தது.

காரணம் அவனுக்குத் தெரியும். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுக்கிற வேலை, பதினோரு வருடமாக. மதியம் ஒரு பெண் அழைத்தாள். கணவன் சமையலறையில் விழுந்து கிடக்கிறான், மூச்சு இல்லை என்றாள். அவள் கைகளை அவன் நெஞ்சின் நடுவில் வைக்கச் சொல்லி, அழுத்துவதற்கு இவன் எண்ணிக்கொடுத்தான். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. வண்டி போய்ச் சேரப் பதினான்கு நிமிடம். அவ்வளவு நேரமும் பின்னால் குக்கர் விசிலடித்துக்கொண்டே இருந்தது. அடுப்பை அணைக்க அவளிடம் இன்னொரு கை இல்லை.

பிறகு யாரோ ஓடிவரும் சத்தம். போன் துண்டிக்கப்பட்டது.

பிழைத்தானா என்று கேட்கக் கூடாது. அந்த அறையில் எழுதாத சட்டம் அது. கேட்க ஆரம்பித்தால் அடுத்த அழைப்பை எடுக்க முடியாது.

கீழே டீக்கடையிலிருந்து சிகரெட் புகை, படிக்கட்டு ஜன்னல் வழியாக மேலே வந்தது.

முன்பெல்லாம் இப்படி ஒரு அழைப்பு முடிந்தால் தனுஷ்கோடி அண்ணன் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். பக்கத்து நாற்காலி அவருடையது, எல்லாம் காதில் விழுந்திருக்கும். கீழே கூட்டிப்போய், ஒரு சிகரெட்டை நீட்டி, தானே தீக்குச்சியைக் கிழித்து, காற்றுக்கு மறைவாகக் கையைக் குவிப்பார். அந்தக் கை அவன் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் வரும்.

சிகரெட்டை விட்டதும் அந்தக் கையும் போய்விட்டது. கூப்பிட்டால் கெட்டுப்போவான் என்று நல்ல எண்ணத்தில் அவர் கூப்பிடுவதில்லை. போனால் பிடித்துவிடுவோம் என்று இவனும் போவதில்லை. வீட்டுக்குப் போனால் பூட்டு. உடம்பு தேறத் தேற, பேசுவதற்கு ஆள் குறைந்துகொண்டே வந்தது.

மனதில் வருவதற்கு ஒரு பெயர் வைத்துப் பார் என்றும் விகாரையில் சொல்லியிருந்தார்கள். தனிமை என்று பெயர் வைத்தான். அது இன்னும் வசதியாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தான்.

இன்னொரு சிகரெட் பிடித்தால் என்னிடம் வராதே என்று டாக்டர் சொன்னது நினைவிருந்தது. நினைவோடுதான் படியிறங்கினான்.

டீக்கடையில் வாயில் சிகரெட்டோடு நின்றிருந்த தனுஷ்கோடி அவன் முகத்தைப் பார்த்தார். கொஞ்சம் தயங்கினார். பிறகு பாக்கெட்டைத் தட்டி ஒன்றை நீட்டினார். அவன் விரல்களுக்கு எதுவும் மறந்திருக்கவில்லை, வாங்கிக்கொண்டன.

குச்சி கிழிந்தது. கை குவிந்து அவன் முகத்தருகே வந்தது.

எழுபத்துமூன்று நாளாயிற்று, ஒரு மனிதக் கை அவ்வளவு பக்கத்தில் வந்து. அவனுக்கு அழுகை வந்தது.

சிகரெட் உதடு வரை வந்து நின்றது.

"எனக்கு எண்ண வரலண்ணே. பத்து வரைக்கும் நீங்க எண்ணுங்க."

தீ பாதிக் குச்சிக்கு வந்திருந்தது. அவர் அதை உதறி அணைத்தார். தன் வாயிலிருந்ததையும் எடுத்துக் கீழே போட்டு மிதித்தார். குவித்த கையை அவன் தோளில் வைத்தார்.

டீ ஆற்றுகிற சத்தம், பஸ் சத்தம், எல்லாவற்றுக்கும் நடுவே, ஹெட்செட் மாட்டியிருக்கும்போது மட்டும் அவருக்கு வருகிற அந்த அவசரமில்லாத குரல் கேட்டது.

"ஒண்ணு."

அவன் மூச்சை விட்டான்.

"ரெண்டு."

யாரோ சில்லறை கேட்டார்கள். அவர் திரும்பவில்லை.

"மூணு."

"நாலு."

அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

"அஞ்சு," என்றார் தனுஷ்கோடி.