அறுபத்திரண்டாம் பக்கம்

மதியக் காட்சி இருட்டில் பெஞ்சமேன் திரைக்கதைப் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, அல்ஜீரியாவில் அவர் போரிட்ட கதை அது. டைரக்டரிடம் அவரே சொன்னது. பக்கத்தில் பொலின், அங்கே செத்துப்போன சிநேகிதனின் மனைவி. நாற்பத்தாறு வருஷமாக அவளிடம் சொல்ல வாய் வராததைப் படமாவது சொல்லட்டும் என்றுதான் முதலியார்பேட்டையிலிருந்து ஆட்டோவில் அழைத்து வந்திருக்கிறார். அறுபத்திரண்டாம் பக்கத்தின் முனை மடிந்திருக்கிறது: குண்டடிபட்ட சிநேகிதன் தண்ணீர் கேட்கிறான், பெஞ்சமேன் அவனை விட்டுவிட்டு ஓடுகிறான். திரையில் மலைச்சரிவு வெளுக்கிறது. துப்பாக்கி வெடிக்கிறது. சட்டையில் குத்திய மெடல்கள் அவர் மூச்சுக்கு மூச்சு உரசிக்கொள்கின்றன. திரையில் ஓடுகிற பெஞ்சமேன் நிற்கிறான். திரும்பி வருகிறான். சிநேகிதனைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறான். கொட்டகை முழுக்கக் கைதட்டல். அவர் விரல் அந்த மடிப்பிலேயே கிடக்கிறது. பொலின் அழுதுகொண்டே அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். “தூக்கினு நடந்தீங்களாண்ணே? ஒரு வார்த்த சொல்லலியே!” “படத்துல மாத்திட்டாங்கம்மா” என்கிறார். கைதட்டலில் அவளுக்குக் கேட்கவில்லை. “என்னண்ணே?” என்று காதைக் கிட்டே கொண்டுவருகிறாள். திரையில் சிநேகிதன் தண்ணீர் குடிக்கிறான். பெஞ்சமேன் பிரதியை மூடுகிறார். “ஒண்ணுமில்லம்மா. படத்தப் பாரு.”