வலஸ்முல்லை வழி

மகாலிங்கம் வலஸ்முல்லை என்ற ஊரை அழிறப்பரால் அழித்தார். இரண்டு தரம் தேய்த்து, கொப்பியில் விழுந்த தூளை ஊதிவிட்டு, அதே இடத்தில் 'தெனியாய' என்று எழுதினார்.

எதிரே சுளகில் அரிசிக்குக் கல் பார்த்துக்கொண்டிருந்த மனைவி சரோஜாதேவியின் கை நின்றது.

"மேலால போவம்," என்றார் மகாலிங்கம், தலை நிமிராமல். "பள்ளத்து றோட்டில பாக்கிறதுக்கு ஒண்டும் இல்லை."

மாசியில் நாலு நாள். மாத்தறை வரை ரயிலில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு போய், அங்கிருந்து மலைநாட்டு ஓரமாக எம்பிலிப்பிட்டிய மட்டும் மிதிப்பதாக இருவரும் முடிவெடுத்திருந்தார்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பது வருஷம் வரைபடம் கீறிய மனிதர் அவர். உல்லாசப் பயணத்துக்கும் வாய்க்கால் வெட்டுவதுபோலத்தான் திட்டம் போடுவார்.

சைக்கிள் அவர்களுக்குப் புதிதில்லை. கிளிநொச்சியில் பெற்றோல் கிடைக்காத காலத்தில் பழகிய கால்கள். தொண்ணூற்றாறில் மகளோடு கடலோரத்து உடப்புக்கு வந்து சேர்ந்த பிறகும் சந்தைக்கும் கோயிலுக்கும் சைக்கிள்தான். இந்தப் பயணத்துக்காக ஒரு மாதமாக ஞாயிறுதோறும் முன்னேஸ்வரம் போய் வந்தார்கள். தலைக்கவசம் போட்டுக்கொண்டு போகும் இருவரையும் பார்த்து, கிழிந்த வலை பொத்துகிறவர்கள் சிரித்தார்கள். அந்தக் கரையில் ஏற்றம் என்று சொல்ல ஒரு பாலத்தை விட்டால் வேறொன்றும் கிடையாது.

"எனக்கு முழங்கால் ஏலாது எண்டு சொன்னனான்," என்றாள் சரோஜாதேவி.

"ஏலாட்டி இறங்கி உருட்டுவம். ஆர் எங்களைக் கலைக்கிறது?"

முழங்காலுக்கு ஒன்றுமில்லை. அது அவளுக்குத் தெரியும். வரைபடத்தை விரித்த முதல் நாளே முழங்காலைச் சாட்டி, ஹக்மன, வலஸ்முல்லை என்று பள்ளத்து வழியை அவள்தான் கேட்டு வாங்கினாள். அவரும் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டார்.

வலஸ்முல்லையில் நிசாந்தி இருந்தாள்.

ஒரே மகள். நாலு வருஷத்துக்கு முன்னர் ஒரு சிங்களப் பெடியனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போய்விட்டாள். சிங்களவன் என்பதைக்கூட மகாலிங்கம் பொறுத்திருப்பார். அவன் ராணுவத்தில் இருந்தவன். மகாலிங்கத்தின் தம்பி யுத்தத்தின் கடைசி மாதங்களில் செத்தவர், உடலும் கிடைக்கவில்லை. பதிவு நடந்த அன்று பின்னேரம் மகாலிங்கம் சுவரிலிருந்த மகளின் படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தார். ஏசவில்லை, சத்தம் போடவில்லை. அதற்குப் பிறகு அவளுடைய பெயரை அவர் உச்சரித்ததே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னர், பக்கத்து வீட்டில் தையல் தைக்கும் மக்தலேனாவின் விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. வலஸ்முல்லை பஸ் நிலையத்துக்குப் பின்னால் வாடகை வீட்டில் இருப்பதாகவும், ஆண் குழந்தை பிறந்திருப்பதாகவும் நிசாந்தி எழுதியிருந்தாள். சரோஜாதேவி அதை மக்தலேனாவின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றே வாசித்தாள். வீட்டுக்குக் கொண்டு வரவில்லை. பதிலும் போடவில்லை.

போய்க் கட்டிப்பிடித்து அழ வேண்டும் என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை. அந்த ஊர் றோட்டால் ஒரு தரம் போக வேண்டும். பஸ் நிலையத்தடியில் ஒரு தேத்தண்ணி குடிக்கலாம். வழியில் பிள்ளை தட்டுப்பட்டால் தட்டுப்படட்டும். அவ்வளவுதான்.

இப்போது அதுவும் இல்லை. மக்தலேனா வாய் தவறிச் சொல்லியிருக்க வேண்டும். இவருக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்துதான் ஊரை அழித்திருக்கிறார். சரோஜாதேவிக்குக் கோபம் வரும்போல் இருந்தது, வரவில்லை. அழுகையும் வரவில்லை. பார்த்து முடித்த அரிசியையே திரும்பவும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகாலிங்கம் கொப்பியை அவள் பக்கம் திருப்பி விளக்கத் தொடங்கினார். முதல் நாள் மொரவக்க, இரண்டாம் நாள் தெனியாய, மூன்றாம் நாள் சூரியகந்த, நாலாம் நாள் முழுக்க இறக்கம். எத்தனை கிலோமீற்றர், எத்தனை அடி ஏற்றம், எந்தக் கடையில் சாப்பாடு, எந்த விடுதியில் அறை, அதன் தொலைபேசி இலக்கம் என்று கோடு போட்டு நிரப்பியிருந்தார். சூரியகந்தவுக்கு நேரே மட்டும் அறைக்கான கட்டம் வெறுமையாக இருந்தது.

"அண்டைக்கு எங்க படுக்கிறது?" என்று கேட்டாள், கேட்க வேண்டுமே என்பதற்காக.

"அது பாப்பம்."

அவளுடைய சைக்கிளுக்குப் பின்பக்கம் சங்கிலி ஓடுகிற பெரிய பல்லுச் சில்லு போடச் சொல்லிச் சிலாபத்துக் கடையில் கொடுத்திருப்பதாகவும், அது இருந்தால் ஏற்றத்தில் கால் நோகாது என்றும் சொன்னார். தெனியாயவுக்கு மேலே குளிரும், கம்பளிச் சட்டை எடுத்து வைக்க வேண்டும் என்றார். அவருடைய குரல் எங்கோ அடுத்த வளவில் கேட்பதுபோல் இருந்தது அவளுக்கு. வாயசைவைப் பார்த்துத் தலையாட்டினாள்.

பிறகு சுளகை நிலத்தில் வைத்தாள்.

"நான் வரேல்லை. நீங்கள் தனியப் போட்டு வாங்கோ."

கலியாணம் கட்டிய முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் அவருக்கு அப்படி முகத்துக்கு நேரே மறுத்தது கிடையாது. மகாலிங்கம் பென்சிலைக் கொப்பியின் நடுவில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்தார். துடைத்த கண்ணாடியைத் திரும்பப் போடவில்லை.

"நிசாந்தியாக்கள் இப்ப வலஸ்முல்லையில இல்லை சரோசா, சூரியகந்தவுக்கு மாறிட்டினம்."